சாந்து இல்லாத கோபுரம், வேண்டாத கூரை

முதலில் கணக்கு. நான் வாங்கிய குட்டிக் கோபுரப் பெட்டியின் மேல் 1,500 செங்கல் என்று எழுதியிருந்தது. என் பேத்தி பாய் விரித்து, பத்துப் பத்தாகக் குவித்து, இரண்டு முறை எண்ணினாள். 1,468 இருந்தது. அதில் 41 மூளி. ஒழுங்கான கல் 1,427தான். கடை எனக்குத் தர வேண்டிய பாக்கி 73. விலை 1,650 ரூபாய். கட்டட வேலைக்கு லோடு இறக்கும்போது நூற்றுக்கு இரண்டு மூன்று உடையும். அதற்கு யாரும் சண்டை போடுவதில்லை. அது லாரியில் வருகிற கல். இது ஓலைப்பெட்டிக்குள், பஸ்ஸில், என் மடியிலேயே உட்கார்ந்து வந்தது.

வாங்கிய பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்தில் 1867 வரை நின்ற மூன்று நிலைச் செங்கல் கோபுரத்தைச் சிறிய அளவில் நாமே அடுக்கிக் கட்டுவதற்கான பெட்டி. சுட்ட மண்ணில் செய்த குட்டிச் செங்கற்கள், கதவு வாய்க்கு மேலே வைக்கக் குச்சிகள், நிலைக்கு நிலை ஓடும் விளிம்புக்கு வளைத்துச் செய்த துண்டுகள், ஒரு கூரை, நான்கு பக்கக் குறிப்புத் தாள். பசை கிடையாது. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில், உச்சிப்புளி தாண்டி, பனை ஓலைப் பொருளும் கருப்பட்டியும் சங்கும் விற்கிற கடையில் வாங்கினேன். கடையின் பெயரை எழுதவில்லை. பாக்கி 73 கல் இன்னும் வரவில்லை. வருவதற்குள் பெயரைக் கெடுக்க வேண்டாம்.

நான் கொத்தனார். பெரியபட்டினத்தில் பிறந்து, இந்தக் கடற்கரையிலேயே சுவர் எழுப்பிக் காலம் தள்ளியவன். இந்தப் பொருளை மதிப்பிட எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான். ஏழாம் வகுப்பு படிக்கும் பேத்திக்குப் பள்ளிக் கண்காட்சிக்கு ஒன்று வேண்டியிருந்தது. பாம்பன் பாலம் செய்யலாம் என்றேன். "வகுப்பில் ஏற்கெனவே நான்கு பாம்பன் பாலம் இருக்கிறது தாத்தா" என்றாள். கடையில் இந்தப் பெட்டியைப் பார்த்ததும் அவள் கை அதன்மேல் போனது. என் கை அதன் விலைச் சீட்டின்மேல் போனது.

கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று 24 மில்லிமீட்டர் நீளம், 12 அகலம், 6 உயரம். நீளத்தில் பாதி அகலம், அகலத்தில் பாதி உயரம். மூலையில் ஒரு வரி நீளவாக்கிலும் அடுத்த வரி குறுக்குவாக்கிலும் திரும்பும்போது இந்தக் கணக்கு கையைக் கடிக்காமல் காப்பாற்றும். சுட்ட பதமும் பரவாயில்லை; இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீர் என்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், லேசாக இழுத்தது. உப்பு இல்லை. எங்கள் பக்கத்துக் கல்லில் இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் முன்பணம் கொடுத்ததே இல்லை. உப்பு மண்ணில் அறுத்த கல் மூன்றே மழையில் பொரிந்து மாவாகக் கொட்டிவிடும்.

குறை அளவில் இருக்கிறது. ஆறு மில்லிமீட்டர் உயரம் என்று சொன்னாலும் சில கற்கள் ஐந்தரை, சில ஆறரை. சாந்து போட்டுக் கட்டும் சுவரில் இது ஒரு விஷயமே இல்லை, கலவை எல்லாத் தவறையும் விழுங்கிவிடும். சாந்தே இல்லாமல் கட்டச் சொல்கிற பெட்டியில் அரை மில்லிமீட்டர் என்பது பெரிய கடன். பதினைந்தாவது வரியில் ஒரு பக்கச் சுவர் கிழக்கே சாயத் தொடங்கியது. நூலில் ஒரு நட்டைக் கட்டித் தூக்குக்குண்டாக விட்டுப் பார்த்தேன். இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், வெளியே தள்ளியிருந்தது. பேத்தி பசை கேட்டாள். கொடுக்கவில்லை. மொத்தத்தையும் பிரித்தோம்.

இந்தப் பெட்டியின் அருமை அங்கேதான் எனக்குப் புரிந்தது.

1846 இல் வால்டர் எலியட் என்ற ஆங்கில அதிகாரி நாகப்பட்டினத்துக் கோபுரத்தை நேரில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். நான்கு பக்கமும் மூன்று நிலையும் கொண்டது. செங்கற்கள் சாந்து இல்லாமல் நெருக்கிப் பொருத்தப்பட்டவை. முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் மேலே விளிம்பு ஓடுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு வாசல். கடைக்காரரின் குறிப்புத் தாளிலும் இந்த வரிகள் இருக்கின்றன. படிக்கும்போது சாதாரணமாகத்தான் இருந்தது. சுவர் சாய்ந்த பிறகு மறுபடி படித்தேன். சாந்து இல்லாமல் மூன்று நிலை! கல்லைச் சூளையிலிருந்து எடுத்து அப்படியே அடுக்கினால் நிற்காது. என் கணக்கில், ஒவ்வொரு கல்லையும் இன்னொரு கல்லின்மேல் தேய்த்து முகத்தைச் சமப்படுத்தித்தான் ஏற்றியிருப்பார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மண்கூழ் பூச்சு ஏதாவது தொட்டு வைத்திருக்கலாம், மழையில் கரைந்திருக்கலாம். அது என் ஊகம். கல் தேய்க்கப்பட்டிருக்கும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. நாங்களும் அதையே செய்தோம். கற்களை உயரம் பார்த்து மூன்று குவியலாகப் பிரித்தோம். ஐந்தரை எல்லாம் ஒரு வரி, ஆறு எல்லாம் ஒரு வரி என்று, வரிக்குள் கலப்படம் இல்லாமல் அடுக்கினோம். மிச்சத்தைத் திண்ணைச் சிமெண்டுத் தரையில் தேய்த்தோம். இரண்டு நாள் வேலை. பேத்தியின் விரல் நுனியெல்லாம் செம்மண் நிறம். என் மனைவி திண்ணையைக் கழுவிக்கொண்டே பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

மூன்றாம் நாள் சுவர் நூல் பிடித்ததுபோல் ஏறியது. சுவரின்மேல் ஊதிப் பார்த்தேன், அசையவில்லை. மேசையைத் தட்டிப் பார்த்தேன். முக்கால் முழ உயரம், ஒரு கல் கனச் சுவர், சொட்டுப் பசை இல்லை, நிற்கிறது.

பெட்டி செய்தவரை ஒரே ஒரு காரணத்துக்காகக் கைகுலுக்கிப் பாராட்ட வேண்டும் என்றால், அது முதல் நிலையின் உச்சியில் உள்பக்கமாக விட்டிருக்கும் சின்னக் குழிகளுக்காக. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. அந்த வரிக்கு மட்டும் தனியாகப் பன்னிரண்டு அரைக்கல் கொடுத்து, எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று தாளில் அம்புக்குறி போட்டிருக்கிறார். எதற்கு என்று எழுதவில்லை. எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது: தளத்து உத்தரம் உட்காருகிற இடம். எலியட் பார்த்தபோது உள்ளே தளம் இல்லை. முதல் நிலையின் மேல்பக்கச் சுவரில், இரண்டாம் நிலைத் தளம் பொருந்தியிருந்த தடம் மட்டும் இருந்தது. பழைய வீடு இடிக்கப் போகிறவர்கள் தினமும் பார்க்கிற தடம் இது. மரம் போய்விடும், குழி இருக்கும். பன்னிரண்டு அரைக்கல்லைக் கூடுதலாகச் செய்து வைத்தவர், படித்ததைப் புரிந்துகொண்டு செய்திருக்கிறார்.

அவ்வளவு நன்றாகச் செய்துவிட்டு, அதன் தலையில் கூரையைக் கொண்டுவந்து வைத்தாரே, அதற்கு என்ன சொல்வது?

பச்சைச் சாயம் பூசிய கூரை. நான்கு முனையும் மீசைபோல் மேலே முறுக்கிக்கொண்டு நிற்கிறது. உச்சியில் ஒரு சிவப்புக் குமிழ். சீன உணவகப் பலகையில் வரைந்திருப்பார்களே, அதே கூரை. எலியட் எழுதியது தெளிவாக இருக்கிறது: மேல்பக்கம் திறந்து கிடந்தது. சிற்பமோ எழுத்தோ எதுவும் கண்ணில் படவில்லை. அதாவது அவர் பார்த்தது மொட்டையான, கருத்துப்போன செங்கல் சுவர். ஒரு காலத்தில் அதற்குக் கூரை இருந்திருக்கும், இல்லாமல் எப்படி? அது எப்படிப்பட்டது என்று பார்த்துச் சொன்னவர் யாரும் இல்லாதபோது மீசை வைத்த கூரையை நாமாக ஏற்றக் கூடாது.

இந்தத் தவறு பெயரிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். அந்தக் கோபுரத்துக்கு ஏகப்பட்ட பெயர். ஊர்க்காரர்களுக்குப் புதுவெளிக் கோபுரம். ஐரோப்பியர்களுக்குச் சீனப் பகோடா, கறுப்புப் பகோடா. நில அளவை வரைபடத்தில் ஜைனப் பகோடா என்று இருந்ததாம். சீனா யார் காதிலோ ஜைனா ஆகியிருக்கும். பகோடா என்ற சொல்லைக் கேட்டதும் கைவினைஞர் பச்சைச் சாயத்தை எடுத்துவிட்டார். அவர் புதுவெளிக் கோபுரம் என்று கேட்டிருந்தால் இந்தக் கூரை வந்திருக்காது.

கடைக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். கல் பாக்கியைப் பற்றிப் பேசிவிட்டுக் கூரையைப் பற்றிக் கேட்டேன்.

"அண்ணே, முதலில் செய்த இருபது பெட்டியில் கூரை வைக்கவில்லை. வாங்கியவர்கள் பாதி வேலையாக இருக்கிறது, மிச்சத்துண்டு எங்கே என்று கேட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கூரை வைத்த பிறகு ஒருவரும் வரவில்லை" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கட்டடம் முடிந்தது என்று வீட்டுக்காரர் நம்புவதற்காக நானும் எத்தனையோ தேவையில்லாத தாமரைப்பூவைக் கைப்பிடிச் சுவரில் வைத்திருக்கிறேன்.

குறிப்புத் தாளுக்கு வருகிறேன். முதல் பக்கம் நன்றாக இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் "சூடாமணி விகாரம், ராஜராஜ சோழன் கட்டியது" என்று பெரிய எழுத்தில் போட்டு மொத்தத்தையும் குழப்பிவிட்டார்கள். பள்ளிப் பிள்ளை இதை அப்படியே அட்டையில் எழுதிவைக்கும் என்பதால் நான் விட்டுவிட முடியாது. நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் இருந்தது உண்மை. அதை எழுப்பியவர் கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசர் மாறவிஜயோத்துங்கவர்மன். தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் எழுப்பினார். ராஜராஜன் செய்தது, தன் 21 ஆம் ஆட்சியாண்டில், 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அதற்கு விட்டுக்கொடுத்தது. இந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடு 21 ஏடு கொண்டது: 5 வடமொழி, 16 தமிழ். நெதர்லாந்துக்குப் போய் லெய்டன் நகரத்தில் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றே பெயர் நிலைத்துவிட்டது. கட்டியவர் ஒருவர், நிலம் விட்டவர் இன்னொருவர். எங்கள் தொழிலில் இந்த இரண்டையும் குழப்பினால் கூலி வராது.

கோபுரத்தின் கதை வேறு. வாங் தாயுவான் என்ற சீனப் பயணி 1349 இல் எழுதிய பயணக் குறிப்பில், சமவெளியில் மரங்களும் கற்களும் சூழ ஒரு மண் கோபுரம் நிற்பதாகவும், அதில் சீன எழுத்தில் "சியான்சுன் 3 ஆம் ஆண்டு எட்டாம் மாதம் வேலை முடிந்தது" என்று பொறித்திருப்பதாகவும் சொல்கிறார். சியான்சுன் என்பது சீனப் பேரரசர் ஒருவரின் ஆட்சிக்காலப் பெயர்; அந்த ஆண்டு 1267. அவர் பார்த்ததும் எலியட் பார்த்ததும் ஒன்றே என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். விகாரத்துக்கு ஊர் கொடுத்த ஆண்டிலிருந்து எண்ணினால் 261 வருடம் கழித்து. நான் எழுப்பிய வீடுகளில் ஆண்டைத்தான் நெற்றியில் எழுதியிருக்கிறேன், மாதம் எழுதத் துணிந்ததில்லை. வேலை முடிந்த மாதத்தையும் பொறித்துவைக்க அந்த மேஸ்திரிக்கு எவ்வளவு துணிச்சல்! பெட்டியில் இந்த எழுத்தைப் பொறித்த ஒரு கல்லைச் சேர்த்திருக்கலாம். கூரைக்குச் செலவழித்த சாயக் காசில் முடிந்திருக்கும்.

இந்தச் சீனப் பயணியை நான் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பதற்குக் காரணம் உண்டு. அவர் பெரிய பட்டனம் என்று பொருள்படும் இன்னொரு ஊரையும் குறிப்பிடுகிறார். அது எங்கள் பெரியபட்டினம்தான் என்று ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா அடையாளம் காட்டினார். 1987 இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் எங்கள் ஊரில் தோண்டியபோது எனக்கு இருபது வயது. கொத்து வேலை இல்லாத மாதம். குழியிலிருந்து மண் சுமக்கிற கூலிக்குப் போனேன். பாசி நிறத்தில் வழுவழுப்பாக ஓடுகள் வந்தன. எங்களுக்குப் புதிதில்லை, மழை பெய்தால் தோப்பில் அதுபோல் தட்டுப்படும். நாங்கள் அதை வைத்துச் சில்லு விளையாடியிருக்கிறோம். சீனப் பீங்கான், 13, 14 ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்று அவர்கள் சொன்ன பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டோம். கல்வெட்டுகளில் எங்கள் ஊருக்குப் பவித்திரமாணிக்கப்பட்டினம் என்று பெயர். அந்தப் பீங்கானை இறக்கிய அதே கப்பல் கூட்டம்தான் வடக்கே நாகப்பட்டினத்தில் நின்று கும்பிட்டிருக்கும். கரையில் நிற்கும் அந்தக் கோபுரம் பிற்காலம் வரை கப்பல்காரர்களுக்கு அடையாளமாகவும் இருந்தது.

இடிந்த கதையைத் தாள் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அது போதாது. புதுச்சேரியை விட்டு வந்த சேசு சபைப் பாதிரியார்கள் அங்கே கல்லூரி அமைத்தார்கள். 1856 இல் கோபுரத்துக்கு அருகே ஒரு பழைய இலுப்பை மரத்தை வெட்டியபோது அடியில் புத்தர் சிலைகள் கிடைத்தன. அதிலிருந்து 1930 களுக்குள் நாகப்பட்டினத்தில் கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் ஏறக்குறைய 350. அவற்றில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில். 1859 இல் பாதிரியார்கள் கோபுரத்தை இடிக்க அனுமதி கேட்டார்கள். 1867 இல் கிடைத்தது. நான் எத்தனையோ இடித்திருக்கிறேன், இடிப்பவன் மேல் கோபப்பட எனக்கு வாய் இல்லை. ஆனால் எலியட்டின் பார்வையில் அந்தக் கட்டடம் ஆட்டம் கண்டதாகவே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

கடைக்காரர் அடுத்து இலங்கையின் பொலன்னறுவைத் தூபி ஒன்றைப் பெட்டியாகப் போடப்போவதாகச் சொன்னார். செய்யட்டும். அதில் எங்கள் பக்கத்துக்குப் பங்கு உண்டு. 12 ஆம் நூற்றாண்டில் இலங்கை அரசன் பராக்கிரமபாகுவின் தளபதி இலங்காபுரன் ராமேஸ்வரம் தீவில் இறங்கிக் கோட்டை கட்டினான். அந்த இடத்தைப் பாம்பன் பக்கத்துக் குந்துகால் என்கிறார்கள். பிடிபட்ட தமிழரை இலங்கைக்கு அனுப்பி, தூபி வேலையில் இறக்கியதாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. பொலன்னறுவையில் ஒன்றுக்குத் தமிழர் தூபி என்றே பெயர். கூலி இல்லாத கொத்து வேலை. அந்தப் பெட்டி வரும்போது தாளை எழுத என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

சின்னக் குறைகள் இன்னும் இரண்டு. வாசல் மேலே வைக்கக் கொடுத்த குச்சிகள் ஐஸ் குச்சியை வெட்டியவை. பனை நாட்டில் கடை வைத்துக்கொண்டு ஒரு பனஞ்சிலாம்பு கிடைக்கவில்லையா? வீட்டில் இருந்த பனஞ்சட்டத் துண்டை நானே சீவி வைத்துக்கொண்டேன். விளிம்புத் துண்டுகளில் மூலைக்கு உரியவை ஏழுதான் இருந்தன, எட்டு வேண்டும். எட்டாவதை ஒரு முக்கால் கல்லை அராவிச் சமாளித்தேன். இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது.

கட்டி முடித்த பிறகு ஒன்று செய்தேன். எலியட்டின் குறிப்பில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது: அடிநிலையின் மூலைகள், போகிற வருகிற வண்டியும் மாடும் இடித்துத் தேய்ந்திருந்தன. கோபுரத்தை ஒட்டியே ஆட்கள் வண்டி ஓட்டியிருக்கிறார்கள். அச்சாணி உரசியிருக்கும், மாடு முதுகைச் சொறிந்துகொண்டிருக்கும். உப்புத்தாளை எடுத்து அடி மூன்று வரியின் மூலைகளை மழுக்கினேன். "தாத்தா, டீச்சர் உடைந்துபோனது என்று நினைப்பார்கள்" என்று பேத்தி அழப் பார்த்தாள். அட்டையில் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். "மாடு உரசிய இடம்" என்று எழுதி, அம்புக்குறி போட்டு, பக்கத்தில் ஒரு மாட்டையும் வரைந்துவிட்டாள். கண்காட்சியில் வந்தவர்கள் அந்த மாட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். பொறுமை இல்லாத வீட்டில் வேண்டாம். இரண்டு நாள் கல் தேய்க்க ஆள் வேண்டும். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளும் அளவுதான் கல், கவனம். பசை வாங்காதீர்கள். குறிப்புத் தாளின் இரண்டாம் பக்கத்தை நம்பாதீர்கள். கூரையைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அது உப்பு ஜாடிக்குச் சரியாக உட்கார்ந்துவிட்டது, இப்போது அதுதான் மூடி.

வெள்ளிக்கிழமை மண்டபம் பக்கம் ஒரு மதில் வேலை பார்க்கப் போகிறேன். வழியில் இறங்கி 73 கல்லையும் ஒரு மூலைத் துண்டையும் கேட்பேன். கொடுத்தாரா என்று இதன் கீழேயே எழுதுகிறேன்.